சாப்பாடும் தங்க இடமும் கிடைத்தால் போதும் என்று வேலை செய்துகொண்டே வெளிநாடு சுற்ற முடியுமா?

கரூர்ப்பொண்ணு:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 25 வயது, ஊர் கரூர், சென்னையில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலையில் மூன்றரை வருடம் ஓடிவிட்டது. வருகிற ஜூனில் வேலையை விட்டுவிட்டு ஐந்தாறு மாதம் வெளிநாடு சுற்றலாம் என்று இருக்கிறேன். சேமிப்பு இரண்டே கால் லட்சம். டிக்கெட், விசா, இன்சூரன்ஸ் போக மிச்சமிருப்பதை வைத்து ஐரோப்பாவில் ஹாஸ்டல் ஹாஸ்டலாகத் தங்கினால் மூன்று வாரம்கூடத் தாங்காது, கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன்.

அப்போதுதான் வொர்க்அவே, வூஃப், ஹெல்ப்எக்ஸ் மாதிரியான தளங்கள் கண்ணில் பட்டன. ஒரு குடும்பத்தோடு தங்கி, தினமும் நான்கைந்து மணி நேரம் அவர்கள் வீட்டிலோ தோட்டத்திலோ வேலை செய்தால் படுக்க அறையும் மூன்று வேளைச் சாப்பாடும் தருகிறார்கள், பணம் கைமாறாது. படித்ததிலிருந்து மனசு அங்கேயே நிற்கிறது. இத்தாலியில் ஆலிவ் பறிப்பு, நியூசிலாந்தில் ஆட்டுப் பண்ணை என்று ஒரு பட்டியலே போட்டு வைத்திருக்கிறேன்.

ஆனால் சில விஷயங்கள் குழப்புகின்றன. டூரிஸ்ட் விசாவில் இதைச் செய்யலாமா? யூடியூபில் பார்த்த ஒரு வெள்ளைக்காரப் பெண், "இமிக்ரேஷனில் கேட்டால் நண்பர் வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிடுங்கள்" என்கிறார், அது நமக்கும் சரிப்படுமா? தனியாகப் போகிற பெண்ணுக்கு முன்பின் தெரியாத வீடு பாதுகாப்பா? நான் முட்டைகூடச் சாப்பிடாத சைவம், அது பெரிய தொல்லையாகுமா? எல்லாவற்றுக்கும் மேலே, வீட்டில் சொன்னதும் அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அடுத்தவன் வீட்டில் பாத்திரம் கழுவவா உன்னை இன்ஜினியரிங் படிக்க வைத்தோம்?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. உண்மையில் போய் வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

தெற்குத்தீவு:

தங்கச்சி, முதலில் விசா. அது சரியாக இல்லையென்றால் மற்ற எதைப் பற்றியும் பேசிப் பயனில்லை. பணம் கைமாறவில்லை, அதனால் இது வேலை இல்லை என்று பலரும் நினைக்கிறார்கள். நியூசிலாந்து சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. பணத்தால் மதிப்பிடக்கூடிய எதையாவது பெற்றுக்கொண்டு செய்தால் அது வேலை, சாப்பாடும் தங்குமிடமும் அதில் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கின்றன. விசிட்டர் விசாவில் வந்து பண்ணையில் களை எடுத்தால் அது விசா மீறல். ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் டூரிஸ்ட் விசாவும் வேலை செய்யும் உரிமையைத் தராது, அமெரிக்க டூரிஸ்ட் விசாவும் அப்படியே. அந்த யூடியூப் பெண் சொன்னதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். அவர்கள் நாட்டு இளைஞர்களுக்குப் பல நாடுகளில் வேலை செய்துகொண்டே சுற்றிப் பார்க்கும் வொர்க்கிங் ஹாலிடே விசா சுலபமாகக் கிடைக்கிறது, அவர்கள் பேச்சு அந்தத் தைரியத்தில் வருகிறது. நம்மை ஏர்போர்ட்டில் நிறுத்தி ஃபோனைத் திறக்கச் சொல்லி, அதில் ஹோஸ்டோடு, அதாவது நம்மைத் தங்கவைக்கும் வீட்டுக்காரரோடு பேசிய "காலை 8 மணிக்கு வேலை ஆரம்பம்" என்ற மெசேஜைப் பார்த்துத் திருப்பி அனுப்பினால், அடுத்து எந்த நாட்டுக்கு விண்ணப்பித்தாலும் "இதற்குமுன் மறுக்கப்பட்டிருக்கிறீர்களா" என்ற கட்டத்தில் ஆமாம் என்று எழுத வேண்டிவரும்.

நான் எப்படிச் செய்தேன் என்றால், நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச்சில் முதுகலை முடித்த கையோடு படிப்புக்குப் பிந்தைய வேலை விசா கிடைத்தது. அதில் யாரிடமும் எந்த வேலையும் செய்யலாம். நிரந்தர வேலை தேடுமுன் மார்ச்சிலிருந்து ஜூன் வரை நான்கு மாதம், தெற்குத் தீவில் ஐந்து வீடுகளில் தங்கினேன்.

நெல்சனிலிருந்து டக்காக்கா மலைச்சாலையை ஏறி இறங்கினால் கோல்டன் பே. அங்கே ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரும் அவர் கணவரும் நான்கு ஹெக்டேர் நிலத்தில் வாழ்கிறார்கள். இப்படிச் சின்ன அளவில் ஆடு, கோழி, பழமரம் வைத்து வாழும் இடத்தை அங்கே லைஃப்ஸ்டைல் பிளாக் என்பார்கள். எனக்குக் கிடைத்த முதல் வேலை கோர்ஸ் பிடுங்குவது. நம் ஊர்ச் சீமைக் கருவேலத்தின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனிலிருந்து குடியேறியவர்கள் வேலிக்காகக் கொண்டுவந்த முள்செடி, மஞ்சளாகப் பூக்கும், விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். இரண்டு கையுறை போட்டும் முள் குத்தியது. அடுத்த வாரம் குளிர்காலத்துக்கு விறகு அடுக்கினேன். அது பார்க்கத்தான் சுலபம். பட்டை மேலே இருக்க வேண்டும், காற்று நடுவில் ஓட வேண்டும், ஓரத்துக் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைக்கவில்லை என்றால் மொத்தமும் சரியும். எனக்கு இரண்டு தடவை சரிந்தது. அந்தத் தாத்தா ஒன்றும் சொல்லாமல் வந்து உட்கார்ந்து என்னோடு சேர்ந்து மறுபடி அடுக்கினார்.

அம்மா கேட்ட கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான். அந்த வீட்டில் யார் சமைத்தார்களோ அவர்கள் பாத்திரம் கழுவ வேண்டாம், மற்றவர்கள் கழுவ வேண்டும். நான் சாம்பார் வைத்த இரவில் 71 வயது ஆசிரியை கழுவினார், அவர் சமைத்த நாளில் நான் கழுவினேன். காலை பத்து மணிக்கு ஸ்மோகோ, அதாவது தேநீர் இடைவேளை, அப்போது மூன்று பேரும் மண் ஒட்டிய பூட்ஸோடு திண்ணையில் உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிடுவோம். வெகா என்று பறக்கத் தெரியாத ஒரு பறவை இருக்கிறது, கழற்றி வைத்த கையுறையைக் கவ்விக்கொண்டு ஓடிவிடும், அதைத் துரத்துவதும் அன்றாட வேலைகளில் ஒன்று. நல்ல வீடா என்று தெரிந்துகொள்ள நான் பார்த்ததெல்லாம் இதைத்தான்: சாப்பாட்டு மேசையில் எனக்கு அவர்களோடு இடம் இருக்கிறதா, அவர்களும் என்னோடு அதே வேலையைச் செய்கிறார்களா. ஐந்து வீட்டில் நான்கில் இருந்தது. ஐந்தாவதில் அவர்கள் சாப்பிட்ட பிறகு மிச்சம் எனக்கு வந்தது, மூன்றாம் நாள் கிளம்பிவிட்டேன்.

சைவம் தொல்லையே இல்லை, ஆனால் புரொஃபைலில் முதல் வரியிலேயே எழுதுங்கள். "வெஜிடேரியன்" என்று மட்டும் போட்டால் முட்டை வரும், சிலருக்கு மீன்கூட அதில் சேர்த்தி. முட்டை, மீன், இறைச்சி எதுவும் இல்லை, பால் தயிர் உண்டு என்று விவரமாக எழுதுங்கள். மசூர்ப் பருப்பு எந்த சூப்பர் மார்க்கெட்டிலும் கிடைக்கும், அதை வைத்து நாமே சமைத்துக் கொடுத்தால் அவர்களுக்கும் சந்தோஷம். இன்னொன்று, அங்கே பலர் இரவுச் சாப்பாட்டையே "டீ" என்பார்கள். முதல் நாள் ஆறு மணிக்கு டீ என்றதும் நான் வெறும் தேநீர் என்று நினைத்து அறையிலேயே நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டேன், அவர்கள் எனக்காகவே பூசணி வறுத்து வைத்திருந்தார்கள், பாவமாக இருந்தது.

பாதுகாப்புக்கு நான் வைத்திருந்த விதிகள் கொஞ்சம்தான், ஆனால் எதையும் தளர்த்தியதில்லை. தனியாகத் தங்கிய பெண்கள் எழுதிய ரிவ்யூ குறைந்தது மூன்றாவது இருக்க வேண்டும். ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்களைவிட மூன்று நட்சத்திரம் கொடுத்தவர் என்ன எழுதினார் என்று பார்ப்பேன். போகுமுன் வீடியோ கால், அதில் தங்கப்போகும் அறையைக் காட்டச் சொல்வேன், கதவுக்கு உள்தாழ்ப்பாள் உண்டா என்று கூச்சப்படாமல் கேட்பேன். நல்லவர்கள் இதற்குக் கோபப்பட மாட்டார்கள், கேமராவைத் தூக்கிக்கொண்டு நேரே கதவுக்கே போய்விடுவார்கள். பஸ் நிறுத்தம் நடக்கிற தூரத்தில் இருக்க வேண்டும். மூன்று இரவு ஹாஸ்டலுக்கும் ஒரு பஸ் டிக்கெட்டுக்கும் ஆகும் பணம் எப்போதும் தனியாக இருக்கும், அதைத் தொட மாட்டேன். எந்த வீட்டுக்கும் முதலில் ஒரு வாரம் என்றுதான் சொல்வேன், பிடித்திருந்தால் நீட்டிப்பது சுலபம், நான்கு வாரம் என்று சொல்லிவிட்டுப் பாதியில் கிளம்புவது கஷ்டம்.

அப்புறம் இன்சூரன்ஸ். பல டிராவல் பாலிசிகளில் உடலுழைப்பின்போது அடிபட்டால் பணம் கிடையாது, பாலிசியைக் கடைசிப் பக்கம் வரை படியுங்கள். எப்போதாவது நியூசிலாந்து வந்தால் பூட்ஸில் மண் இருக்கக் கூடாது, அம்மா கட்டிக்கொடுத்த ஊறுகாயைப் படிவத்தில் அறிவித்துவிட வேண்டும். அறிவிக்காமல் மாட்டினால் அந்த இடத்திலேயே 400 டாலர் அபராதம்.

கரூர்ப்பொண்ணு:

அக்கா, இவ்வளவு நேரம் எடுத்து எழுதியதற்கு ரொம்ப நன்றி. பாத்திரம் கழுவும் அந்தப் பகுதியை அம்மாவுக்கு அப்படியே படித்துக் காட்டினேன். "71 வயசா?" என்று மட்டும் கேட்டார். ஆனால் விசா விஷயம் இடி மாதிரி இருக்கிறது. அப்போது இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு நேர்வழியே இல்லையா?

தாமிரபரணி:

இருக்கிறது சகோ, குறுகலான வழி. ஆஸ்திரேலியா 2024-ல் இந்தியர்களுக்கு வொர்க் அண்ட் ஹாலிடே விசாவைத் திறந்தது, 462 வகை. வருடத்துக்கு 1,000 இடம், குலுக்கல் முறை, பதிவுக்கு 25 ஆஸ்திரேலிய டாலர். வயது 18 முதல் 30, பள்ளிக்குப் பிறகு குறைந்தது இரண்டு வருடப் படிப்பு, ஆங்கிலத் தேர்வு, கையில் 5,000 டாலர் அளவுக்குப் பணம் காட்ட வேண்டும். முதல் குலுக்கலிலேயே எனக்கு விழுந்தது, 2025-ல் போய்ச் சேர்ந்தேன். பிரிட்டனிலும் இந்தியர்களுக்கென்று யங் புரொஃபஷனல்ஸ் திட்டம் உண்டு, வருடத்துக்கு 3,000 இடம், அதுவும் குலுக்கல், டிகிரி வேண்டும், 2,530 பவுண்டு சேமிப்பு காட்ட வேண்டும், இரண்டு வருடம் இருக்கலாம். அதில் மருத்துவக் கட்டணம் மட்டுமே வருடத்துக்கு 776 பவுண்டு முன்கூட்டிக் கட்ட வேண்டியிருக்கும், உங்கள் இரண்டே கால் லட்சத்துக்கு அது தாங்காது என்று நினைக்கிறேன்.

ஆனால் விசா கையில் இருந்தும் நான் ஏமாந்த கதையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதே மாதிரி வேறு யாரும் மாட்டக் கூடாது.

கெய்ர்ன்ஸுக்குத் தெற்கே ஒரு குடும்பம். பழத்தோட்டம், குதிரைகள், இரண்டு குழந்தைகள். தினம் ஐந்து மணி நேரம், வாரம் ஐந்து நாள், சாப்பாடும் கேரவனில் படுக்கையும் என்று பேச்சு. கூடவே அந்த வீட்டுக்காரர் சொன்னது: "இங்கே மூன்று மாதம் இருந்தால் உன் இரண்டாவது வருட விசாவுக்கு நான் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்." நம்பிவிட்டேன். முதல் வாரம் ஐந்து மணி நேரம் ஆறானது, இரண்டாவது வாரம் எட்டு. வேலி போட்டேன், லாயம் கழுவினேன், இரவு அவர்கள் வெளியே போனால் குழந்தைகளையும் நான் பார்த்துக்கொண்டேன். கேட்டால் "இங்கே எல்லோரும் குடும்பம் மாதிரிதான்" என்பார். பக்கத்து டவுனுக்கு 40 கிலோமீட்டர், பஸ் கிடையாது, அவர் காரில் கூட்டிப்போனால்தான் உண்டு. அக்கா மேலே சொன்ன பஸ் நிறுத்த விதி எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு அங்கேதான் தெரிந்தது.

மூன்றாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களோடு டவுனுக்குப் போனபோது, வாழைப் பண்ணையில் வேலை செய்யும் ஒரு தைவான் பையனைச் சந்தித்தேன். அவன் சொல்லித்தான் தெரிந்தது, இப்படிச் சம்பளம் இல்லாத பண்ணை வேலை, இரண்டாவது வருட விசாவுக்காகக் காட்ட வேண்டிய 88 நாள் வேலைக் கணக்கில் வராது. பேஸ்லிப், அதாவது சம்பளச் சீட்டு வேண்டும், சட்டப்படியான கூலி வாங்கியிருக்க வேண்டும். அந்த மனிதர் போடும் கையெழுத்துக்கு ஒரு மதிப்பும் இல்லை, அது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. மறுநாளே பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அப்புறம் டல்லி என்ற ஊரில் வாழை பேக்கிங் ஷெட்டில் வேலை கிடைத்தது. எங்கள் ஊர்ப் பக்கம் வாழை பார்த்து வளர்ந்தவன்தான், ஆனாலும் ஒரு நாளைக்கு அவ்வளவு சீப்பு என் கை வழியாகப் போகும் என்று நினைத்ததில்லை. உடம்பு வலித்தது, ஆனால் வாரா வாரம் பேஸ்லிப் வந்தது. அங்கே காய் பறிக்கும் தொழிலில் பெட்டிக் கணக்குக்குக் கூலி கொடுத்தாலும் மணிக்கணக்குக் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக் கூடாது என்று 2022 ஏப்ரலில் விதி வந்துவிட்டது, யாராவது "பெட்டிக்கு இவ்வளவுதான்" என்றால் அதைச் சொல்லிக் கேளுங்கள்.

என் கருத்து இது. சாப்பாட்டுக்காகத் தங்கும் வீடு ஊரைப் பார்க்கவும் மனிதரோடு பழகவும் சரி. தினம் ஐந்து மணி நேரத்தைத் தாண்டினாலோ, வியாபாரத்துக்கான வேலையாக இருந்தாலோ, அங்கே சம்பளம் கேட்க வேண்டும். அவர் விற்கிற பழத்தை இன்னொருவர் கூலி வாங்கிப் பறித்திருப்பார், அந்தக் கூலி மிச்சமாகத்தான் நம்மை இலவசமாக வைத்துக்கொள்கிறார்.

காவேரிக்கரை:

நான் திருச்சி. ஜெர்மனியில் ஓ-பேராக ஒரு வருடம் இருந்தேன், அதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். குடும்பத்தோடு தங்கிச் சாப்பிட்டு வேலை செய்ய, இதற்கென்றே தனி விசா இருக்கும் வழி இது. இந்தியர்களும் போகலாம். ஆனால் உங்களுக்கு 25, 27-வது பிறந்தநாளுக்குள் விண்ணப்பித்தாக வேண்டும், அதனால் யோசிக்க ரொம்ப நேரமில்லை.

குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதும் சின்ன வீட்டு வேலைகளும்தான். வாரம் 30 மணி நேரம், ஒரு நாளைக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் கூடாது. தனி அறை, சாப்பாடு, மாதம் 280 யூரோ கைச்செலவுக்கு, மொழி வகுப்புக்கு மாதம் 70 யூரோ, காப்பீடு அவர்கள் செலவு. வாரத்தில் ஒன்றரை நாள் விடுமுறை. குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் ஒரு வருடம். போகுமுன் ஏ1, அதாவது தொடக்க நிலை அளவு ஜெர்மன் தெரிந்திருக்க வேண்டும், அதைப் படித்துத் தேர்வு எழுத எனக்கு நான்கு மாதம் ஆனது. ஐந்தாறு மாதத்தில் ஐந்தாறு நாடு என்று நினைக்கிற உங்களுக்கு இது ஒத்துவருமா தெரியவில்லை, ஒரே வீட்டில் ஒரே குடும்பத்தோடு இருப்பது வேறு மாதிரியான பயணம்.

எனக்குக் கிடைத்தது ஃப்ரைபுர்க் பக்கத்தில் ஒரு குடும்பம், நான்கு வயதுப் பையன், ஏழு வயதுப் பெண். காலையில் பள்ளிக்குக் கிளப்ப வேண்டும், மதியம் கூட்டி வர வேண்டும், ஐந்து மணிவரை அவர்கள் என் பொறுப்பு. என் ஜெர்மன் வளர்ந்தது வகுப்பில் இல்லை, அந்தப் பையனிடம். நான் தப்பாகப் பேசினால் நிறுத்தித் திருத்துவான், சரியாகச் சொல்லும்வரை ஷூ போட்டுக்கொள்ள மாட்டான். இரவில் அங்கே பெரும்பாலும் ரொட்டி, வெண்ணெய், சீஸ் என்று ஆறிய சாப்பாடுதான், சூடான சாப்பாடு மதியம். அது பழக எனக்கு ரொம்ப நாளானது, இரவு ஏழு மணிக்கு ஒரு தட்டு ரசம் சாதத்துக்கு ஏங்கி அழுதிருக்கிறேன். அப்புறம் அந்த அம்மாவே ஒருநாள் அடுப்பைக் காட்டி, உனக்குத் தோன்றும்போது சமைத்துக்கொள் என்றார்கள்.

எது என் வேலை இல்லை என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வீடு முழுக்கத் துடைப்பது, பாட்டியைக் கவனிப்பது, அவர்கள் கடையில் நிற்பது எல்லாம் ஓ-பேர் வேலை இல்லை. ஒப்பந்தத்தில் மணி நேரம், விடுமுறை எல்லாம் இருக்கும். என்னோடு மொழி வகுப்பில் இருந்த கொலம்பியப் பெண்ணுக்குக் குடும்பம் சரியில்லாமல் போய்விட்டது. அவள் தினமும் என்னென்ன வேலை எத்தனை மணி நேரம் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள், வேறு குடும்பத்துக்கு மாறும்போது அந்த நோட்டு அவளுக்கு ரொம்ப உதவியது. நீங்களும் எழுதி வையுங்கள், எங்கே போனாலும்.

மேற்கேபோறேன்:

எல்லோரும் வெள்ளைக்கார நாட்டையே சொல்கிறீர்களே, பக்கத்தில் நேபாளம் இருக்கிறது. 1950 நட்புறவு ஒப்பந்தத்தின்படி இந்தியர்கள் அங்கே விசா இல்லாமல் போகலாம், தங்கலாம். பாஸ்போர்ட் இல்லாவிட்டால் வாக்காளர் அட்டை போதும். நம் 100 ரூபாய்க்கு அவர்கள் பணம் 160, இது நிலையான மதிப்பு. நம் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு ஒரு பொய்யும் சொல்லாமல் ஒரு குடும்பத்தோடு போய் இருக்க முடிகிற வெளிநாடு இது.

நான் லம்ஜுங் பக்கம் ஒரு மலைக் கிராமத்தில், ஆடி ஆவணி மழையில் ஐந்து வாரம் இருந்தேன். மக்காச்சோளத்துக்கு நடுவே நாற்று நட்டார்கள், கோதோ என்றார்கள், கையில் வாங்கிப் பார்த்தால் நம் கேழ்வரகு! இரவு டிண்டோ என்று கிண்டிக் கொடுத்தது நம் களியேதான், தொட்டுக்கொள்ளக் கீரையும் பருப்பும். எங்கள் பாட்டி கிண்டுகிற மாதிரியே அந்த வீட்டு அம்மாவும் இரண்டு காலால் பாத்திரத்தை அணைத்துப் பிடித்துக்கொண்டு கிண்டினார், நான் கொஞ்ச நேரம் பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்தேன். காலையில் தேநீர் மட்டும், பத்து மணிவாக்கில் பருப்பும் சோறும், மறுபடி இரவில் அதே. சைவமா என்று அங்கே யாரும் கவலைப்பட்டதே இல்லை, கறி அவர்களுக்கே விசேஷ நாளில்தான். அட்டைப்பூச்சி உண்டு, உப்பு கட்டிய துணி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றே ஒன்று மட்டும் வேண்டாம். நேபாளத்தில் "அநாதை இல்லத்தில் தன்னார்வத் தொண்டு" என்று வருவதைத் தொடாதீர்கள். பெற்றோர் உயிரோடு இருக்கும் பிள்ளைகளைக் கிராமத்திலிருந்து கூட்டிவந்து, வெளிநாட்டார் கொடுக்கும் பணத்துக்காகவே வைத்திருக்கும் இல்லங்கள் அங்கே இருந்தது வெளியே வந்திருக்கிறது. நாம் நல்ல மனசோடு போனாலும் அந்தப் பிள்ளைகளுக்குக் கெடுதல்தான் செய்வோம். வயல் இருக்கும் வீடாகப் பாருங்கள்.

மலைவாழை:

நான் எதிர்ப்பக்கத்து ஆள் அம்மா, என் வீட்டில் வந்து தங்குகிறார்கள். கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிப் பக்கம் காப்பி, மிளகு, மலைவாழை. ஒன்பது வருடமாகப் பிள்ளைகள் வருகிறார்கள், பெரும்பாலும் நம் நாட்டுப் பிள்ளைகள். வெளிநாட்டார் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசிடம் பதிய வேண்டும், டூரிஸ்ட் விசாவில் இங்கே வேலை செய்வதிலும் நீங்கள் மேலே பேசிய அதே சிக்கல் உண்டு, அதனால் அவர்களை இப்போது விருந்தாளியாக மட்டும் வரச் சொல்கிறேன்.

வூஃப் எப்படி ஆரம்பித்தது என்று தெரிந்தால் இதன் அளவு என்னவென்று புரியும். 1971-ல் லண்டனில் செயலாளர் வேலை பார்த்த சூ காப்பர்ட் என்ற பெண்ணுக்குக் கிராமத்துப் பக்கம் போக ஆசை, போய்த் தங்க அங்கே சொந்தபந்தம் இல்லை. சஸெக்ஸில் இயற்கை விவசாயம் செய்யும் ஓர் இடத்தில் வார இறுதியில் வந்து வேலை செய்கிறோம், சோறும் படுக்கையும் தாருங்கள் என்று கேட்டு நாலைந்து பேர் போனார்கள். வார இறுதி, அவ்வளவுதான். கற்றுக்கொள்ள வருகிறவருக்கும் கற்றுக்கொடுக்கிறவருக்கும் நடுவில் உள்ள விஷயம், ஆள் பஞ்சத்துக்குக் கூலி இல்லாத ஆள் பிடிக்கிற வழி இல்லை. என் தோட்டத்தில் காப்பிப் பழம் பறிக்க நவம்பர், டிசம்பரில் கூலிக்கு ஆள் வருகிறார்கள், வருகிற பிள்ளைகளும் அவர்களோடு நின்று பறிப்பார்கள். அதற்காக ஓர் ஆளின் கூலியையும் நான் குறைத்ததில்லை. அப்படிக் குறைத்தால் வெளியூர்ப் பிள்ளையின் பயண ஆசையை வைத்து உள்ளூர்க்காரர் வயிற்றில் அடிப்பதாகிவிடும்.

ஹோஸ்ட் என்ன பார்ப்பார் என்று கேட்டால், பலமோ அனுபவமோ நான் பார்ப்பதில்லை. எழுதும் கடிதத்தில் என் தோட்டத்தைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்று பார்ப்பேன். ஒரே கடிதத்தை ஐம்பது பேருக்கு அனுப்பியது முதல் வரியிலேயே தெரிந்துவிடும். வந்த பிறகு, தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வேண்டும். போன வருடம் ஒரு பையன் தெரிந்த மாதிரி தலையாட்டிவிட்டுக் காப்பிச் செடியில் கவாத்து செய்தான், அடுத்த பருவத்தில் காய்க்க வேண்டிய கிளைகளை எல்லாம் வெட்டிவிட்டான். நாற்பது செடி. திட்டவில்லை, ஆனால் எனக்கு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை.

வெளிநாடு போகுமுன் உள்ளூரிலேயே இரண்டு வாரம் இருந்து பாருங்கள். குனிந்து நிமிர்ந்து ஐந்து மணி நேரம் வேலை செய்தால் உங்கள் உடம்பு என்ன சொல்கிறது, அடுத்தவர் வீட்டில் அவர்கள் நேரத்துக்கு எழுந்து அவர்கள் ருசிக்குச் சாப்பிட முடிகிறதா என்று தெரிந்துவிடும். டிசம்பரில் பறிப்பு நேரத்தில் என் மனைவியும் மகளும் வீட்டில் இருப்பார்கள், உங்கள் அம்மாவையும் கூட்டிக்கொண்டே வரலாம்.

கரூர்ப்பொண்ணு:

எல்லோர் பதிலையும் இரண்டு மூன்று தடவை படித்தேன். இத்தாலி, நியூசிலாந்து இரண்டையும் பட்டியலிலிருந்து இப்போதைக்கு எடுத்துவிட்டேன், வருத்தம்தான், ஆனால் பொய் சொல்லிப் போக மனமில்லை. ஆஸ்திரேலியக் குலுக்கல் அடுத்து எப்போது திறந்தாலும் பதிவு செய்வேன். ஓ-பேர் எனக்கு ஒத்துவராது, ஒரு வருடம் ஒரே வீடு என்றால் மூச்சு முட்டும். டிசம்பரில் தாண்டிக்குடி, ஜூனுக்குப் பதிலாக ஜூலைக் கடைசியில் நேபாளம், ஆறு வாரம். மலைவாழை ஐயா, அம்மாவும் வருவதாகச் சொல்லிவிட்டார், உங்கள் மனைவியிடம் ஃபோனில் பேச வேண்டுமாம், தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.

நேபாளம் போனவரிடம் ஒரு கேள்வி: அந்த வீட்டை எப்படிப் பிடித்தீர்கள்? தளத்தில் பார்த்தால் லம்ஜுங்கில் பாதிப் பேர் ஒரு நாளைக்கு இவ்வளவு என்று பணம் கேட்கிறார்கள்.

மேற்கேபோறேன்:

நானும் கொடுத்தேன், சாப்பாட்டுக்கு ஒரு நாளைக்கு 500 நேபாள ரூபாய். அதைத் தப்பாக நினைக்காதீர்கள். அந்த வீட்டில் எண்ணெயும் பருப்பும் கடையில் வாங்குவது, நான் நட்ட நாற்று அதற்கு ஈடாகாது. இந்தப் பணம் யாருக்குப் போகிறது என்று மட்டும் கேளுங்கள். வீட்டுக்காரர் கையில் நேரே கொடுப்பதாக இருந்தால் சரி, காட்மண்டு ஆபீசில் முன்பணம் கட்டு என்றால் வேறு வீடு பாருங்கள். பேசிசஹரில் இறங்கி டீக்கடையில் கேட்டுத்தான் நான் அந்தக் கிராமத்துக்குப் போனேன், ஆனால் நீங்கள் தனியாகப் போவதால் ரிவ்யூ இருக்கும் வீடாகவே பிடியுங்கள். அக்காவின் தாழ்ப்பாள் கேள்வியை அங்கேயும் கேளுங்கள்.

தெற்குத்தீவு:

அதோடு ஒரு நல்ல தோட்டக் கையுறை இங்கிருந்தே வாங்கிக்கொண்டு போங்கள் தங்கச்சி, உங்கள் கை அளவுக்கு. பல வீடுகளில் ஆம்பளை சைஸ்தான் வைத்திருப்பார்கள்.